வடக்குப் பார்த்த தகடுகள்

செய்தி வந்தபோது காலை ஒன்பதரை மணி. பாங்கு சொல்லும் நேரமில்லாத நேரத்தில் பெரிய பள்ளிவாசலின் ஒலிபெருக்கி கரகரத்தால் மலையூரான ஜிப்லாவில் எல்லோரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். இல்ஹாம் மாவு ஒட்டிய கையோடு சமையலறை ஜன்னலருகே வந்து நின்றாள். ஸாலிஹ் முக்பிலின் சகோதரி காலமாகிவிட்டார், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று இரண்டு முறை சொன்னார்கள். பெண்ணின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கமில்லை. அண்ணன் பெயர் போதும், தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஸாலிஹ் முக்பிலுக்குச் சகோதரிகள் இரண்டு பேர். மூத்தவள் தவ்லா. இளையவள் ஸுஆத், மூன்று குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கும் விதவை.

இளையவளாக இருக்கட்டும் என்று இல்ஹாமின் மனம் ஒரு நொடி ஆசைப்பட்டது. என்ன நினைத்துவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மூன்று பிள்ளைகளின் தாய் சாகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள், தவ்லாவிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பதற்காக.

பக்கத்து வீட்டு மாடிப்படி ஜன்னலிலிருந்து ஃபிக்ரிய்யாவின் குரல் வந்தது.

"இல்ஹாமு! ஏ இல்ஹாமு! கேட்டியாடி?"

"கேட்டேன். எந்தச் சகோதரின்னு தெரியலை."

"வேற யாரு, உன் பேட்டரிக்காரிதான். அஞ்சு நாளாக் காய்ச்சலாம். காய்ச்சல்னுதான் சொல்றாங்க. ஆசிட் புகையை மோந்து மோந்து நெஞ்சு வெந்துபோச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மனசு வெந்துபோச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

இல்ஹாம் ஜன்னல் விளிம்பில் ஒட்டிய மாவைச் சுரண்டினாள்.

"துக்கத்துக்கு வருவியா? நீ போனாலும் பேசுவாங்க, போகலைன்னாலும் பேசுவாங்க. எதுக்கும் யோசிச்சுக்கோ."

ஃபிக்ரிய்யா ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. மாவு காய்ந்து விரல்களை இறுக்கிக்கொண்டிருந்தது. ரொட்டி அன்று சுடப்படவில்லை.

தவ்லா பேட்டரிக்காரி ஆவதற்கு முன்பு பெண்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தாள். இல்ஹாம் அதே பள்ளியில் பூகோள ஆசிரியை. ஆய்வுக்கூடம் என்றால் ஒரு மேசை, பூட்டிய அலமாரி, அதற்குள் பத்துப் பதினைந்து புட்டிகள். அந்தப் புட்டிகளைத் தவ்லாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. எது எதைச் சுடும், எது எதோடு சேரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு வேதியியல் ஆசிரியையைவிட நன்றாகத் தெரியும் என்று மாணவிகள் சொல்வார்கள். தலாக் ஆகி அண்ணன் வீட்டுக்கு வந்தவள். குழந்தை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

போர் வந்த இரண்டாம் வருஷம் சம்பளம் நின்றது. அதற்கு முன்பே மின்சாரம் நின்றிருந்தது. கம்பங்கள் மட்டும் இருந்தன, கம்பிகளில் யாரோ கழற்றி எறிந்த செருப்புகள் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு இப் நகரத்திலிருந்து லாரி லாரியாகச் சோலார் தகடுகள் வந்தன. ஒரு வருஷத்துக்குள் ஜிப்லாவின் கல்வீடுகளில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி நீலத் தகடு பளபளத்தது. மாடிப்படி முடியும் இடத்தில், மழை படாத மூலையில், கறுப்பு பேட்டரிகள் உட்கார்ந்தன.

தகடு சும்மா கிடக்கும். பேட்டரி அப்படியில்லை, அதற்குத் தாகம் உண்டு. மூடிகளைத் திறந்து பார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரைப் பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் அளவாக ஊற்றி, முனைகளில் பூக்கும் வெள்ளை உப்பைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தகட்டின் மேல் தூசி படிந்தால் கழுவ வேண்டும். இதையெல்லாம் வெளிச்சத்தில்தான் செய்ய முடியும். ஆனால் பகலில் மொட்டைமாடி பெண்களுடையது. துணி காயப்போடுவது, மிளகாய் உலர்த்துவது, தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்காருவது எல்லாம் அங்கேதான். ஒரு ஆண் மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படியிலும் "அல்லாஹ், அல்லாஹ்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு ஏற வேண்டும், பெண்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு. சொந்த வீட்டு மாடியில் ஒதுங்கிக்கொள்ளலாம். பக்கத்து மாடிப் பெண்களை ஒதுங்கச் சொல்ல முடியுமா? பேட்டரிக் கடைக்காரன் ஒருவன் மாடிக்கு வந்து இரண்டு மணி நேரம் நின்றதில் மூன்று வீட்டுக்காரர்கள் கம்போடு இறங்கி வந்த கதை ஊருக்கே தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் தவ்லா வந்தாள். பள்ளிக்கூடத்து ரப்பர் கையுறை, ஒரு புனல், அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடி மிதவை, தங்கை ஸுஆத் தலையில் சுமந்து வரும் மஞ்சள் தண்ணீர் டப்பா. இரண்டு வருஷத்தில் நாற்பது மாடிகள் அவளுக்குத் திறந்தன. கறுப்பு பால்ட்டோ அங்கியின் கீழ்விளிம்பில் அமிலம் தெறித்த ஓட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் நீல நூலால் தைத்திருப்பாள், கறுப்பு நூல் கிடைக்காமலா என்று யாரும் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் மூடிகளை இறுக்கி, ஒவ்வொரு மூடியையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். யார் வீட்டிலும் உட்கார்ந்து, காப்பித்தொலியில் போடும் கிஷ்ர் குடித்ததில்லை. அடுத்த மாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள்.

யார் வீட்டுக் கதையையும் அவள் வெளியே சொன்னதில்லை. அதுதான் பெண்களுக்கு ஒப்பவில்லை. நாற்பது வீட்டுக்குப் போய்வருகிறவள் எதுவுமே பேசவில்லை என்றால் எதையோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

இல்ஹாமின் கணவன் கஹ்தான் ஜித்தாவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப்படாமல் திரும்பி வந்தவன். கையில் இருந்ததில் நாலு தகடும் ஒரு பெரிய பேட்டரியும் வாங்கினான். அது மே மாதம். அதே மாதம் வடக்குப் பக்கத்து ஹஸ்ஸான் வீட்டில் புதிதாக ஒரு மாடி எழும்பியது. அதில் ஒரு ஜன்னல் நேராக இவர்கள் மொட்டைமாடியைப் பார்த்துத் திறந்தது. முக்கால்வாசி நேரம் அது மூடியேதான் இருக்கும். கஹ்தானுக்கு அது மூடியிருப்பதுதான் சந்தேகம்.

"திறந்து வச்சாத்தானே உள்ளே யாருன்னு தெரியும்? மூடி வச்சுக்கிட்டு இடுக்கு வழியாப் பார்க்கிறவன்தான் பொல்லாதவன்" என்றான்.

சுவர் எழுப்பச் செலவாகும். தகடு நாலு சும்மா கிடக்கிறது, ஆளுயரம் இருக்கிறது. வடக்குச் சுவர் ஓரமாகக் கோணக்கம்பி அடித்து நாலையும் நெட்டுக்குத்தலாக, இடைவெளி இல்லாமல், மறைப்பாக நிறுத்தினான். ஒயர்கள் வரும் பின்பக்கம் உள்ளே, கண்ணாடிப் பக்கம் வெளியே, ஹஸ்ஸான் வீட்டைப் பார்த்து. அந்தத் தெருவில் அப்படிச் செய்தது அவன் ஒருவன் மட்டுமில்லை. "ஒரே கல்லுல ரெண்டு வேலை" என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கோடையில் விளக்கு எரிந்தது, சின்ன ஃபிரிட்ஜ் ஓடியது, மகள் ரகத் தொலைக்காட்சி பார்த்தாள். அக்டோபரில் ஃபிரிட்ஜ் நின்றது. நவம்பரில் அந்தி மஃரிப் தொழுது முடிப்பதற்குள் விளக்கு மங்கியது. தவ்லா மிதவையை விட்டுப் பார்த்தாள், எழுந்து நின்றாள், முதல் தடவையாக ஹஸ்ஸான் வீட்டுப் பக்கம் திரும்பி அந்தத் தகடுகளைப் பார்த்தாள்.

"டீச்சர், இது நாலும் இப்படி நின்னா வேலைக்கு ஆகாது. படுக்கப் போட்டு, தெக்கால லேசாச் சாய்க்கணும்."

"கோடையில நல்லாத்தானே ஓடுச்சு, தவ்லா அக்கா?"

"கோடையில சூரியன் கொஞ்சம் வடக்கால வந்துச்சு. இப்ப தெக்கே போயிருச்சு. இதை நான் போய் உங்களுக்குச் சொல்றேன் பாருங்க. வருஷா வருஷம் பலகையில வட்டம் போட்டுச் சொல்லிக் குடுத்தவங்க நீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். ஆனால் ஆய்வுக்கூட உதவியாளர் ஆசிரியையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்ஹாமுக்குச் சுருக்கென்றது.

அன்று கஹ்தானிடம் பக்குவமாகத்தான் சொன்னாள்.

"தகட்டைத் திருப்பணுமா? யாரு சொன்னா? அவளா?" போதைக்கு மெல்லும் காத்து இலையை ஒதுக்கிய கன்னத்தோடு அவன் நிமிர்ந்தான். "அவளுக்கு எதுக்கு அந்த மறைப்பு மேல கண்ணு?"

"பேட்டரிக்காகத்தான் சொல்றா, அபூ ரகத்." ரகத்தின் அப்பா என்று பொருள்படும் அந்தப் பெயரால்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

"ஹஸ்ஸான் வீட்டு மாடிக்கும் அவதானே போறா?"

"போறா."

"அவன் மகன் இருபத்தி நாலு வயசு. அவ அங்கயும் போறா, இங்கயும் வர்றா, திடீர்னு மறைப்பை எடுங்கறா. எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சியா?"

அப்படி இருக்காது என்று இல்ஹாம் சொல்லியிருக்கலாம். அவளும் யோசிக்கத் தொடங்கினாள். ஏன் அன்றைக்கு மட்டும் தவ்லா அந்தப் பக்கம் திரும்பினாள்?

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. ரகத்தின் நகப்பூச்சால் பேட்டரியின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்தாள். மஞ்சள் டப்பாவை முகர்ந்து பார்த்தாள். தவ்லா ஏன் எப்போதும் குனிந்தே இருக்கிறாள், குனிந்தபடி என்ன செய்கிறாள் என்று மாடிக் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். ஒரு மனுஷி கையுறையைக் கழற்றுவதுகூட, ஒளிந்து நின்று பார்த்தால், எதையோ ஒளிப்பது போலத்தான் இருக்கும்.

கஹ்தான் பேட்டரியைக் கழுதையில் ஏற்றிச் சாலையோரக் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரன் மிதவையை விட்டான். அது அடிமட்டத்தில் போய்ச் சிவப்பில் நின்றது.

"அண்ணே, யாரோ ஆசிட்டை உறிஞ்சிக்கிட்டு வெறும் தண்ணியை ஊத்தியிருக்காங்க. ஆசிட் விக்கிற விலைக்கு இதெல்லாம் நடக்கிறதுதான். யாரு உங்க வீட்ல தண்ணி ஊத்துறது?"

அவன் முதுகுக்குப் பின்னால் புதுப் பேட்டரிகள் அடுக்கியிருந்தன. அதை கஹ்தானும் பார்த்தான். ஆனால் அவனுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை தவ்லா வந்தபோது இல்ஹாம் மாடிக் கதவை மறித்து நின்றாள்.

"பையைத் திறந்து காட்டு."

அதுவரை "வாங்க", "போங்க", "அக்கா" என்றுதான் கூப்பிட்டிருந்தாள். தவ்லா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கையுறை. புனல். துடைக்கும் துணி. மிதவை. காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டி, ஒரு பச்சை மிளகாய்.

"ஆசிட் எங்கே?" என்றாள் இல்ஹாம்.

"ஆசிட் எங்கயும் போகலை டீச்சர். பேட்டரி பட்டினி கிடந்தா ஆசிட் ஈயத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். வெயில் கிடைச்சா வெளிய வரும். மிதவை தன்னால மேல எழும்பும்."

ஒளிந்துகொள்ளும், வெளியே வரும். களவு போன பொருளைப் பற்றித் திருடி சொல்கிற கதை மாதிரியே இருந்தது. பின்னால் படியில் நின்ற ஸுஆத் வாயைத் திறந்தாள், "அக்கா, நீ எதுக்கு இவங்களுக்கு...". தவ்லா கையைத் தூக்கித் தங்கையை நிறுத்தினாள். சாமான்களை எடுத்த வரிசையிலேயே மறுபடி பைக்குள் வைத்தாள்.

"பார்த்தாச்சா டீச்சர்?"

அவ்வளவுதான் பேசினாள்.

இல்ஹாம் அதை ஃபிக்ரிய்யாவிடம் மட்டும்தான் சொன்னாள். ஆசிட் விஷயத்தை மட்டும். மறைப்பைப் பற்றியோ ஜன்னலைப் பற்றியோ சொல்லவில்லை. அதைச் சொன்னால் கஹ்தான் அவளை எப்படிப் பார்க்கிறான் என்பதையும் சொன்னதாகிவிடும். ஃபிக்ரிய்யாவிடம் மட்டும் சொல்வது என்றால் என்ன என்பது ஊருக்குத் தெரியும். ஒரு மாதத்தில் நாற்பது மாடிகள் ஆறாகக் குறைந்தன. அந்தக் குளிர்காலத்தில் பேட்டரி மங்கிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு: எங்க ஆசிட்டையும் அவதான் எடுத்திருக்கா.

இல்ஹாமின் வளையல் போய்ப் புதுப் பேட்டரி வந்தது. பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் வைத்தார்கள். சாவி கஹ்தானிடம். தவ்லாவின் நிழல்கூட அதன் மேல் விழவில்லை. பிப்ரவரி கடைசியில் அதுவும் மங்கியது.

"கூண்டுக்குள்ள கை விட்டிருப்பா" என்றான் கஹ்தான்.

"யாரு? இந்தப் பக்கமே அவ வரலையே."

"தங்கச்சி இருக்காளே."

மார்ச்சில் ஒரு நாள் தஅகர் மலையிலிருந்து இறங்கிய காற்று, நாலு தகடுகளில் ஒன்றைக் கம்பியிலிருந்து பிய்த்து மாடித் தரையில் மல்லாக்கத் தள்ளியது. உடையவில்லை. கஹ்தான் இப் நகரத்துக்குப் போயிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த இல்ஹாம், சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தற்செயலாகப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்த ஆம்பியர் எண் பத்தைத் தொட்டு நின்றது. கீழே விழுந்து கிடந்த ஒரு தகடு, நிமிர்ந்து நின்ற மூன்றையும் சேர்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தந்துகொண்டிருந்தது.

அவள் முழங்காலிட்டு அந்தக் கண்ணாடியில் கை வைத்தாள். சுட்டது. மற்ற மூன்றையும் போய்த் தொட்டாள். பச்சைத்தண்ணீர்ப் பானை மாதிரி இருந்தன.

பன்னிரண்டு வருஷம் பலகையில் வட்டம் போட்டவள். கடக ரேகை, மகர ரேகை, ஜூனில் சூரியன் எங்கே, டிசம்பரில் எங்கே. தேர்வில் இதைத் தப்பாக எழுதிய பெண்களின் காதைத் திருகியிருக்கிறாள். தெரியாததால் தப்பு நடந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லை. தெரிந்ததைக் கேட்க மனம் இல்லாமல், தெரியாத ஒன்றைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

பிறகு அவள் செய்ததுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. கஹ்தான் திரும்புவதற்குள் அந்தத் தகட்டைத் தூக்கினாள். மறுபடி வடக்குப் பார்க்க நிறுத்தினாள். துணிக்கொடியை அறுத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். எண் மூன்றுக்கு இறங்கியது. தவ்லா வீட்டுக்கு நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது என்று யோசித்து நாளையைத் தள்ளிப்போட்டாள். இப்படிப் பத்தொன்பது நாள் போனது, அதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டது.

துக்கவீட்டில் இரண்டாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூடியிருந்தார்கள். நீண்ட அறை, சுவரோரமாக மெத்தைகள், நடுவில் கிஷ்ர் பாத்திரம். இல்ஹாமின் தெருவிலிருக்கும் உம்மு அம்மார் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி முடித்திருந்தாள். இல்ஹாம் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பேச்சு நின்றது. வரிசையாகக் கைகொடுத்து, "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலியைப் பெருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய் ஸுஆதின் எதிரில் நின்றாள். ஸுஆத் கையைக் கொடுத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

இடம் தள்ளிக்கொடுத்த ஃபிக்ரிய்யா காதோரம் முணுமுணுத்தாள். "வந்துட்டியா? ஓரமா உக்காந்துட்டுப் போயிரு. வாயைத் திறக்காத."

இல்ஹாம் உட்காரவில்லை.

"தவ்லா அக்கா எங்க வீட்டு ஆசிட்டை எடுக்கலை" என்றாள். குரல் பள்ளிக்கூடத்துக் குரலாக, தேவைக்கு மேல் உரக்க வந்தது. "யார் வீட்டு ஆசிட்டையும் எடுக்கலை. எங்க தகடு வடக்குப் பார்த்து நிக்குது. அதுல வெயிலே படலை. அக்கா அதை நவம்பர்லயே சொன்னாங்க. நான் கேக்கலை. இப்ப நானே கண்ணால பார்த்துட்டேன்."

யாரோ ஒருத்தி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் ஊர் பூராச் சொன்னது பொய்யா?" ஃபிக்ரிய்யா நிமிர்ந்தாள். "என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி!"

"நான்தான் உனக்குச் சொன்னேன். பொய்க்காரி நான்."

"தகடு எதுக்கு வடக்குப் பார்த்து நிக்குது?" என்று மூலையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கேட்டவளுக்குப் பதில் தெரியும் என்பது குரலிலேயே இருந்தது.

இல்ஹாமின் காது சூடாயிற்று. "ஹஸ்ஸான் வீட்டு ஜன்னலுக்கு மறைப்பு. என் வீட்டுக்காரர் வச்சது. யாராவது என்னைப் பார்ப்பாங்கன்னு அவருக்கு பயம்."

"உன்னையா?" என்றாள் ஒருத்தி. இரண்டு மூன்று பேர் தலைத்துணியால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். துக்கவீடு என்பது நினைவு வந்து நிறுத்தினார்கள்.

உம்மு அம்மார் குர்ஆனை மூடி முத்தமிட்டு ஓரமாக வைத்தாள். "எங்க வீட்லயும் அப்படித்தான் நிக்குது, கிழக்குச் சுவத்துல" என்றாள் மெதுவாக. "காலைல ரெண்டு மணி நேரம்தான் வெயில். நானும் அவளைத்தான் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

மற்றவர்கள் தங்கள் தங்கள் வீட்டு மாடியை மனதில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல.

ஸுஆத் எழுந்தாள். அழவில்லை. "யாரு அனுப்பினா உங்களை, டீச்சர்?"

"யாரும் அனுப்பலை."

"பேட்டரி மறுபடி மங்கிருச்சா? தண்ணி ஊத்த ஆள் கிடைக்கலையா?"

"அதுக்காக வரலை, ஸுஆத்."

"எதுக்காக வந்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அக்கா இருந்தப்ப உங்க வாய்க்கு என்ன ஆச்சு? காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட, 'பையை எடுத்துட்டு வா, டீச்சருக்குக் காட்டணும்'னு பொலம்பினா. இன்னைக்கு நாலு பொம்பளைங்க முன்னாடி சொல்லிட்டா ஆச்சா? நாளைக்கு அவங்க அவங்க வீட்ல ஆம்பளைங்க 'அந்தத் திருடி தங்கச்சியா'ன்னுதான் கேப்பாங்க. மாடிக் கதவை யாரு எனக்குத் திறப்பா? எம்புள்ளைங்க என்னத்தைத் தின்னும்?"

"நான் என்ன செய்யணும்?"

"தகட்டைத் திருப்புங்க" என்றாள் ஸுஆத். "பேச்சு யாருக்கும் தெரியாது. மாடி எல்லாருக்கும் தெரியும். மலைச்சரிவுல இருந்து பார்த்தாலும் உங்க வீடு தெரியும். திருப்புங்க, ஊர் பார்க்கட்டும். அப்ப நம்புறேன்."

இல்ஹாம் வீட்டுக்கு வந்து சேருமுன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. கஹ்தான் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயில் காத்து இலை இல்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

"ஹஸ்ஸான் எவ்வளவு குடுத்தான்?" என்றான்.

"எதுக்கு?"

"என்னை ஊர் முன்னாடி கோமாளி ஆக்கினதுக்கு."

"மாடிக்கு வாங்க, அபூ ரகத். காலைல ஒரு தகட்டை இறக்கி வச்சுக் காட்டறேன். பெட்டியில காட்டற எண்ணை நீங்களே பாருங்க."

"எண்ணைப் பார்க்கத் தெரியாதவனா நான்?" அவன் திண்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அவன் கேட்டது அவள் எதிர்பாராதது. "கோடையில ஓடினது அதனாலதானா? சூரியன் வடக்கால வந்ததாலயா?"

"ஆமா."

"அப்ப அந்தக் கடைக்காரன்?"

 அவன் தாடியைத் தடவிக்கொண்டான். ஒரு சந்தேகம் அவனை விட்டுப் போய், வேறோர் ஆள் மேல் உட்காருவதை அவளால் பார்க்க முடிந்தது. ஆனால் ஜன்னல் மேலிருந்தது மட்டும் இடம் மாறவில்லை.

"திருப்பிக்கோ" என்றான் கடைசியில். "நான் தடுத்தேன்னு அந்தப் பொம்பளைங்க சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு. மறைப்பு போச்சுன்னா மாடியும் போச்சு. நாலாவது தகடு இறங்கின அன்னைக்கு மாடிச் சாவியை நான் வாங்கிக்குவேன். அப்புறம் துணி காயப்போடக்கூட நீ மேல வரக் கூடாது."

"சரி" என்றாள்.

மறுநாள் காலையில் ரகத்தைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இல்ஹாம் திருகுகளைக் கழற்றினாள். காற்றில் விழுந்த தகடு முதலில் வந்தது, அதற்குக் கொடிக்கயிறுதானே. அதை எடுத்ததும் ஹஸ்ஸான் வீட்டு ஜன்னல் தெரிந்தது. மூடியிருந்தது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. இல்லை என்று நினைத்துக்கொண்டே முகத்திரையை இழுத்துக் கட்டினாள். வேலையினூடே மூன்று நான்கு தடவை அந்த இடுக்கைப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மதியத்துக்குள் மூன்று தகடுகள் கற்களின் மேல் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருந்தன. எண் இருபத்தாறு காட்டியது. பக்கத்து மாடிகளில் பெண்கள் துணி உதறுவது போல நின்று பார்த்தார்கள். உம்மு அம்மார் வீட்டு மாடியில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. கீழே தெருவில், தலையில் டப்பா இல்லாமல், ஸுஆத் நடந்து போனாள். நிமிர்ந்து பார்த்தாளா என்பது இங்கிருந்து தெரியவில்லை.

சாயங்காலம் ஃபிக்ரிய்யா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி ஒண்ணு மட்டும் இன்னும் நிக்குது?"

"திருகு கழலலை. துருப்பிடிச்சிருக்கு."

"நிஜமாவே துருவா? இல்ல, மாடிச் சாவிக்காகவா? உன் வீட்டுக்காரர் சொன்னது எங்க ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு."

"வந்து நீயே பாரு."

ஃபிக்ரிய்யா வரவில்லை.

அது நடந்து இன்றோடு ஆறு நாள். கீழ்த்திருகுக்கு இரண்டு தடவை மண்ணெண்ணெய் விட்டாகிவிட்டது. பதினேழாம் எண் ஸ்பானர் வீட்டில் இல்லை. நாலாவது தகடு வடக்குப் பார்த்தே நிற்கிறது.